கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால்



நம் வயதுக்காரர்களில் பாட்டுக் கேட்கும் பைத்தியம் உள்ளவர்கள் நிறையப் பேர். மர்ஃபி ரேடியோ, மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்த இசைத்தட்டு, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய டேப் ரெக்கார்டர் என்று வீட்டுக்கு வீடு ஒரு சரித்திரம் இருக்கும். இன்று நான் எழுத வந்தது வேறு சரித்திரம். பாட்டுப் பெட்டிக்கு நகை போட்டு அழகு பார்க்கும் வியாபாரம் ஒன்று உலகம் முழுக்க நடக்கிறது. அந்த நகையால் சத்தம் உண்மையில் மாறுகிறதா என்று கண்டுபிடிக்கும் வழியை 240 வருஷத்துக்கு முன்பே சிலர் செய்து காட்டிவிட்டார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் நகைகளைப் பார்ப்போம். ஆம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் போதிய கனமுள்ள தாமிர ஒயராக இருந்தால் போதும். ஆனால் 2007-ல் அமெரிக்காவில் 12 அடி ஒயர் ஒரு ஜோடி 7,250 டாலருக்கு விற்றது. மாயாஜாலக்காரரும் போலி அற்புதங்களை அம்பலப்படுத்தி வந்தவருமான ஜேம்ஸ் ராண்டி, "இந்த ஒயர் எது, நல்ல சாதாரண ஒயர் எது என்று பார்க்காமல் காதால் மட்டும் சொல்பவருக்கு 10 லட்சம் டாலர்" என்ற பொருளில் அறிவித்தார். பேச்சு நடந்தது, வாக்குவாதம் நடந்தது, சோதனை மட்டும் கடைசிவரை நடக்கவில்லை.

1990 வாக்கில் இன்னொன்று கிளம்பியது. சி.டி. தட்டின் ஓரத்தில் பச்சை மை தடவினால் பாட்டு தெளிவாகும் என்றார்கள். உள்ளே சிதறும் சிவப்பு ஒளியைப் பச்சை உறிஞ்சிக்கொள்ளுமாம். சி.டி. பிளேயரில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், 780 நானோமீட்டர். அது படிப்பதும் வெறும் எண்களைத்தான். சின்னப் பிழை வந்தால் பிளேயரே திருத்திக்கொள்ளும். ஆனாலும் பேனா விற்றது, வாங்கியவர்கள் வித்தியாசம் கேட்டார்கள்.

ஸ்பீக்கர் ஒயர் தரையில் படாமலிருக்க மரத்தில் சின்னச் சின்ன முக்காலி விற்கிறார்கள். கரண்டு ஒயருக்கும் ஆயிரக்கணக்கில் விலை. நம் முகத்துவாரக்குப்பத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி நகை சிரிப்பை வரவழைக்கும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து உயரக் கோபுரம், துணை மின்நிலையம், டிரான்ஸ்ஃபார்மர், உப்புக்காற்றில் கறுத்த ஒயர் எல்லாம் தாண்டி வீட்டுக்கு வருகிற கரண்டு, சுவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கடைசி ஒரு மீட்டரில் சுத்தமாகிவிடுமாம்!

அப்படியானால் வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களுக்கு உண்மையாகவே கேட்கிறது. அது ஒயரிலிருந்து வருகிறதா, மனசிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுப் புரட்சியில் தலை போனவர்களின் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்த தலைமுறை. அவர்களில் இரண்டு பேர் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் என்பது பின்னால் நானாகப் படித்தபோதுதான் தெரிந்தது.

1778-ல் வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்தார் ஃபிரான்ஸ் அன்டோன் மெஸ்மர் என்ற வைத்தியர். "மெஸ்மெரிசம்" என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது. உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத காந்த திரவம் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய், தடையை நீக்கத் தன்னால் முடியும் என்றார். அவர் கூடத்தில் ஒரு பெரிய மரத்தொட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகள், சுற்றிலும் பெரிய இடத்து நோயாளிகள். பின்னணியில் கண்ணாடிக் கிண்ணங்களால் ஆன ஓர் இசைக்கருவி ஒலிக்கும். வந்தவர்கள் துடித்தார்கள், மயங்கினார்கள், எழுந்து குணமாகிவிட்டது என்றார்கள்.

1784-ல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். வேதியியலின் தந்தை லவாய்சியர், வானியல் அறிஞர் பயி, டாக்டர் கியோத்தான் ஆகியோர் அதில் இருந்தார்கள். அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஓர் உறுப்பினர். அப்போது அவருக்கு வயது 78. மெஸ்மர் கூடத்தில் ஒலித்த அந்தக் கண்ணாடி வாத்தியத்தை இயந்திரமாக வடிவமைத்தவரே ஃபிராங்க்ளின்தான் என்பது ஒரு வேடிக்கை.

மெஸ்மர் ஒத்துழைக்கவில்லை. அவருடைய சீடர் டெலோன் முன்வந்தார். ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் பழ மரத்துக்கு டெலோன் காந்த சக்தி ஏற்றினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கூட்டி வந்து ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். சக்தி ஏற்றிய மரத்தை நெருங்க நெருங்கத்தான் அவனுக்கு ஏதாவது ஆக வேண்டும். அவனோ சக்தி ஏற்றாத மரங்களிலேயே வியர்த்து, நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். அந்த மரத்துக்கு யாரும் எதுவும் செய்திருக்கவில்லை. லவாய்சியர் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பல கோப்பைகளில் தண்ணீர் கொடுத்தார்கள். சாதாரணக் கோப்பை ஒன்றைத் தொட்டதும் அவளுக்கு வலிப்பு வந்தது. தெளிந்ததும் தண்ணீர் கேட்டாள். சக்தி ஏற்றிய கோப்பையை, சொல்லாமல் கொடுத்தார்கள். நிம்மதியாகக் குடித்தாள்.

குழுவின் முடிவு தெளிவானது. காந்தம் இல்லாமல் கற்பனை மட்டும் இருந்தால் துடிப்பு வருகிறது, கற்பனை இல்லாமல் காந்தம் மட்டும் இருந்தால் ஒன்றும் வருவதில்லை. கண்ணைக் கட்டிச் சோதிக்கும் முறை வைத்தியத்தில் வேரூன்றியது இங்கேதான். பத்து வருஷத்துக்குள் பயி, லவாய்சியர் இருவரின் தலையும் உருண்டது. வெட்டிய இயந்திரத்துக்கோ அதே குழுவில் இருந்த கியோத்தானின் பெயர். நாம் கில்லட்டின் என்கிறோம்.

அடுத்து அசல் நகை வியாபாரம். 1796-ல் எலிஷா பெர்கின்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் இரண்டு சின்ன உலோகக் கம்பிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். வலிக்கிற இடத்தில் தடவினால் வலி போகும், விலை அதிகம். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் டாக்டர் ஹேகார்த் 1799-ல் மரத்தில் அதே மாதிரி கம்பி செய்து, உலோகம் போலத் தெரிய வைத்து, ஐந்து நோயாளிகளுக்குத் தடவச் செய்தார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் அசல் உலோகக் கம்பி தடவியபோதும் ஏறக்குறைய அதே பலன். தங்க முலாம் போட்ட பிளக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மரக் கம்பிதான் ஞாபகம் வருகிறது.

அந்தச் சக்தி எங்கே இருக்கிறது என்று பளிச்சென்று சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். ஜோசே குஸ்தோதியோ தெ ஃபாரியா, 1756-ல் கோவாவின் கண்டோலிமில் பிறந்த பாதிரியார். சிறு வயதில் தகப்பனாருடன் லிஸ்பனுக்குப் போய், ரோமில் படித்து, பாரிஸ் வந்து சேர்ந்தார். 1813 முதல் அங்கே பொதுமக்கள் முன்னால் செய்து காட்டினார். தொட்டி கிடையாது, கம்பி கிடையாது. நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, "தூங்கு!" என்று ஒரு அதட்டல். பலர் தூங்கினார்கள். என்னிடம் எந்தச் சக்தியும் இல்லை, திரவமும் இல்லை, எல்லாம் உங்களுக்குள் இருப்பதுதான் என்றார். சக்தி உண்டு என்பவர்களுக்கும் பிடிக்கவில்லை, எல்லாம் ஏமாற்று என்பவர்களுக்கும் பிடிக்கவில்லை. 1816-ல் அவரைக் கேலி செய்து மேடையில் நாடகமே போட்டார்கள். 1819-ல் ஏழையாகச் செத்தார். அவருடைய புத்தகம் அந்த வருஷம்தான் வந்தது. அலெக்சாந்தர் துமா "மோன்தே கிறிஸ்தோ" நாவலில் சிறைக்குள் வரும் பாதிரியாருக்கு அவர் பெயரை வைத்தார், ஆனால் இத்தாலிக்காரராக்கிவிட்டார். பனாஜியில் பழைய தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் ஃபாரியாவுக்குச் சிலை இருக்கிறது. கோவா போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மறுபடி பாட்டுக்கு வருவோம். 1915-லிருந்து சுமார் பத்து வருஷம் எடிசன் கம்பெனி ஊர் ஊராக ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மேடையில் பாடகி, பக்கத்தில் இசைத்தட்டுப் பெட்டி. விளக்கை அணைப்பார்கள். இருட்டில் பாடகி இறங்கிப் போய்விடுவார், பெட்டி மட்டும் பாடும். விளக்கு போட்டதும் ஜனங்கள் அசந்துபோவார்கள். அன்று பாடிய ஆன்னா கேஸ் என்ற அம்மையார் வயதான பிறகு, தன் குரலைப் பெட்டியின் சத்தத்துக்குத் தகுந்தாற்போல் அடக்கிப் பாடியதாகச் சொன்னார். ஆக இருட்டு மட்டும் போதாது. விளக்கின் சுவிட்ச் விற்பவன் கையில் இருக்கக் கூடாது.

1994-ல் கனடாவைச் சேர்ந்த ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவ் என்பவரும் 40 பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள். கேட்டவர்கள் அதே ஸ்பீக்கர் கம்பெனியின் ஆட்கள். திரை இல்லாமல் பார்த்துக் கேட்டபோது தங்கள் கம்பெனியின் பெரிய, அழகான பெட்டிகளுக்கு மார்க்கை அள்ளிப் போட்டார்கள். திரை போட்டதும் அந்த மார்க் இறங்கியது. ஒன்றைக் கவனியுங்கள். திரைக்குப் பின்னாலும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் கேட்கத்தான் செய்தது. எல்லாமே பிரமை என்று சோதனை சொல்லவில்லை. எது நிஜம், எது பிரமை என்று பிரித்துக் கொடுத்தது.

இதில் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குப் புதுசாக ஒன்றுமில்லை. டெண்டரில் இரண்டு கவர் வாங்குவோம். சரக்கின் தரம் சொல்லும் கவரை முதலில் பிரிப்போம், விலைக் கவரை அப்புறம்தான் தொடுவோம். விலை தெரிந்துவிட்டால் சரக்கைப் பார்க்கும் கண் மாறிவிடும். பரீட்சைத் தாளில் பெயரை மறைத்துப் பொய் நம்பர் போடுவதும் இதற்குத்தான். திருத்துகிற வாத்தியார் அயோக்கியர் என்பதற்காக அல்ல, அவரும் மனுஷர் என்பதற்காக.

வீட்டில் செய்து பார்க்க எளிய வழி சொல்கிறேன். பேரனை உள்ளே விட்டு, நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் புது ஒயர், தலை விழுந்தால் பழைய ஒயர் என்று மாட்டி எழுதி வைக்கச் சொல்லுங்கள். சத்தத்தின் அளவு மாறக் கூடாது, கொஞ்சம் கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும். பேரன் உங்கள் முகத்தைப் பார்க்காமலும் நீங்கள் அவன் முகத்தைப் பார்க்காமலும் இருக்க வேண்டும். பத்து முறை கேட்டு எது என்று சொல்லுங்கள். ஐந்து சரியென்றால் அது குருட்டு அதிர்ஷ்டம். பத்தும் சரியென்றால், அப்படித் தற்செயலாக நடக்க 1,024-ல் ஒரு வாய்ப்புத்தான். ஒயரைத் தாராளமாக வாங்குங்கள்.

இதை விளையாட்டாக விட்டுவிட முடியாததற்குக் காரணம் நம் பகுதியே. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரில் நம் வயதுக்காரர்கள் பலர் துறைமுகத்திலும் ஆலையிலும் முப்பது வருஷம் இரைச்சலில் நின்றவர்கள். வயதும் இரைச்சலும் சேர்ந்து காதின் மேல் சுருதியைத் தின்றுவிடும். "ச", "ஸ" ஓசைகள் மங்கும், தாளத்தின் கணீர் போய்விடும். பாட்டு தெளிவாக இல்லையே என்று பெட்டிக்கு நகை வாங்குகிறோம். குறை பெட்டியில் இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. கேட்கும் திறனை அளந்து பார்த்து, தேவையானால் காது மெஷின் வைத்துக்கொண்டால், பாட்டு மட்டுமல்ல, பேத்தி பேசுவதும் கேட்கும்.

பென்ஷன் பணத்தைக் குறிவைத்து இதே நகை வேறு உருவத்திலும் வருகிறது. காந்த வளையல், காந்த மெத்தை, செல்போனுக்குப் பின்னால் ஒட்டும் வில்லை. போட்டதும் தெம்பாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன், ஃபாரியா அதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தத் தெம்பை நம்பி சர்க்கரை மாத்திரையையும் பி.பி. மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. "எல்லாம் மனப்பிரமை" என்ற வார்த்தையைச் சுலபமாகச் சொல்லவும் கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது பிரமை இல்லை. கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்திருந்தது. அளந்து பார்த்தபோது காற்றிலும் கடல் தண்ணீரிலும் இருந்தது. ஃபிராங்க்ளின் குழுவும் நோயாளிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகவில்லை. மரமாக மரமாக நடந்து, கோப்பை கோப்பையாகக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் எழுதினார்கள். விற்பவன் சொல்லை நம்புவதும் தவறு, பாதிக்கப்பட்டவன் சொல்லைச் சோதிக்காமல் தள்ளுவதும் தவறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அளந்து பார்ப்பது.