தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்

நம் கண்ணமங்கலத்தில் இப்போது எந்தத் தெருவில் நுழைந்தாலும் மணலும் ஜல்லியும் குவிந்து கிடக்கின்றன. ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக்குகிறார்கள். தளம் போட்ட வீட்டின்மேல் மாடி எடுக்கிறார்கள். முழங்கால் வலிக்காரப் பெரியவர்களுக்காகப் படுக்கையறையை ஒட்டிக் குளியலறை கட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அறையின் அளவு, டைல்ஸின் நிறம் எல்லாம் முடிவான பிறகுதான் "கழிவுத் தண்ணீர் எங்கே போகும்?" என்று யாராவது கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்ட ஊர்கள் பட்ட பாடு வரலாற்றில் இருக்கிறது.

நம் முன்னோர் அதை முதலில் கேட்டவர்கள். கீழடியில் உறைகிணறுகளோடு சுடுமண் குழாய்களும் கிடைத்திருக்கின்றன. கழிவுநீர் விழும் இடத்துக்கு 'அங்கணம்' என்ற சொல் திருக்குறளிலேயே உண்டு. நாம் வளர்ந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். முற்றத்து மழைநீருக்கு ஒரு தூம்பு, பாத்திரம் தேய்க்கும் தண்ணீருக்குச் சலதாரை, அது போய்ச் சேர நாலு வாழைமரம். கிணறு ஒரு பக்கம், கழிப்பிடம் கொல்லைக் கோடியில். அந்தத் தூரம்தான் வீட்டுக்குப் பாதுகாப்பு. வீட்டை நீட்டிக் கட்டும்போது நாம் முதலில் இழப்பது அந்தத் தூரத்தைத்தான்.

லண்டன்காரர்கள் இதை உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர், வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பிளம்பர் 'டிராப்' என்று சொல்வது அந்த வளைவைத்தான். நாற்றம் அடங்கியதும் கழிப்பறை வீட்டுக்குள் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வசதியுள்ளவர்கள் பழைய வீடுகளிலெல்லாம் அதைச் சேர்த்தார்கள். ஆனால் வீட்டடியில் இருந்த மலக்குழி மட்டும் பழையதாகவே இருந்தது. தண்ணீர் கூடக் கூட அது நிரம்பிக் கசிந்தது. 1854-இல் பிராட் தெருவில் காலரா வந்து 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெருவின் அடிகுழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ காட்டினார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் சிதைந்த மலக்குழிக்கும் அந்தக் கிணற்றுக்கும் இடையே 3 அடிகூட இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பாரிஸ் கதையும் எனக்குப் பரிச்சயம். அங்கே பழைய மாடிக் கட்டடங்களின் முகப்பில் நீல எனாமல் பலகை இருக்கும்: "எல்லா மாடிகளிலும் தண்ணீரும் காஸும் உண்டு." வாடகைக்கு ஆள் பிடிக்க அது நல்ல விளம்பரம். வந்த தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்று அந்தப் பலகை சொல்லவில்லை. அதற்கு 1894-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கழிவு முழுவதையும் பாதாளச் சாக்கடையில் சேர்க்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. வீட்டு உரிமையாளர்கள் செலவைச் சொல்லி முணுமுணுத்தார்கள். கட்டி முடித்த வீட்டின் சுவரை உடைத்துக் குழாய் இறக்குவது எந்த நாட்டிலும் வயிற்றெரிச்சல்தான்!

நம் ஊர் போன்ற இடங்களுக்கு உதவியவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், வெசூல் ஊரின் மூரா. 1860-களில் தன் வீட்டுக் கழிவுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது எதிர்பார்த்த மலை காணோம், பெரும்பாலும் நீராகவே இருந்தது. 1881-இல் காப்புரிமை பெற்றார். 'செப்டிக் டாங்க்' என்ற பெயர் 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் வந்தது. ஆனால் தொட்டி மந்திரக்கூடை அல்ல. வண்டல் உள்ளே தங்கும், தண்ணீர் வெளியேறி மண்ணுக்குள்தான் போகும். அந்த மண்ணில்தான் நம் கிணறும் இருக்கிறது. ஆகவேதான் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. நம் குறுகிய மனைகளில் அளக்கும்போது பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

ஆகவே கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். மாடியில் குளியலறை என்றால் கீழே உள்ள குளியலறைக்கு நேர் மேலே வரட்டும். பூஜை அறைக்கு மேலேயோ சமையலறைக்கு மேலேயோ வந்தால் ஒரு கசிவு போதும், மன நிம்மதி போய்விடும். கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். அந்தச் சரிவு கிடைக்குமா என்று தரைமட்டத்தை முதலில் பாருங்கள். குழாய் திரும்பும் இடங்களில் திறந்து பார்க்க ஒரு சேம்பர் வையுங்கள். பழைய தொட்டி நாலு பேருக்குக் கட்டியது, இனி எட்டுப் பேர் என்றால் அதையும் யோசியுங்கள். மொட்டைமாடி மழைத் தண்ணீரைச் செப்டிக் டாங்கில் விடவே கூடாது. 2003-இல் சட்டம் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டிக்குத்தான் அது போக வேண்டும்.

பூசுவதற்கு முன் குழாய் போகும் சுவர்களைச் செல்பேசியில் படம் எடுத்து, ஒரு தாளில் வரைந்து, பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். கோப்பு கட்டியே காலம் தள்ளிய குமாஸ்தா புத்தி என்று சிரிக்கலாம். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்க வரும் பேரன் வாழ்த்துவான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் ஏங்குகிற அந்தக் காலத்துக் கொல்லைக் கோடிக் கழிப்பிடத்தை ஒரு மனிதர் கையால் வாரிச் சுமந்தார். 1993-லும் 2013-லும் வந்த சட்டங்கள் அந்தக் கொடுமையைத் தடை செய்தன. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் செப்டிக் டாங்க் சுத்தம் செய்வதும் குற்றம். வண்டி வந்து குழாய் விட்டு உறிஞ்ச வழி வைக்காமல் தொட்டிமேல் அறையைக் கட்டிவிட்டால், நாளைக்கு யாரையாவது உள்ளே இறக்கத்தான் தோன்றும். வரைபடத்தில் தொட்டியின் மூடியைக் குறித்து, அதுவரை குழாய் வர ஒரு பாதை விடுங்கள். அறை இரண்டடி குறைந்தால் பரவாயில்லை.