சுமைதாங்கி முதல் மின்னேற்று நிலையம் வரை

பருத்தித்துறையிலே தெருமூடிமடம் என்றொரு பழைய கட்டடம் உண்டு. பெயர் கூறுமாப்போலே அது தெருவை மூடி நிற்பது. கற்றூண்கள் வீதியின் இருமருங்கும் எழுந்து கூரையைத் தாங்க, அக்கூரையின் கீழே வீதி ஊடறுத்துச் செல்லும். இருபுறமும் திண்ணைகள். தலைச்சுமையோடு நடந்து வந்தவனும், திருக்கல் வண்டியில் ஏறி வந்தவனும் அங்கே வெயிலாறிச் சென்றனர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மடங்கள் பல இருந்தன. மடத்தடி, தண்ணீர்ப்பந்தலடி என இன்றும் வழங்கும் இடப்பெயர்கள் அவற்றுக்குச் சான்று. மடத்தின் அயலிலே ஒரு கேணி அல்லது கிணறு இருக்கும். வண்டி மாடுகள் நீர் அருந்தக் கற்றொட்டி ஒன்று இருக்கும். பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் மீளத் தூக்கவும் ஆளுயரத்திற் சுமைதாங்கி நிற்கும். கால்நடைகள் உடம்பை உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல் நாட்டப்பட்டிருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போனவளுக்காகப் பிறர் சுமை இறக்க ஓர் இடம். இத்தகைய எண்ணம் எந்த அரசாங்கத் திணைக்களத்திலும் தோன்றியிராது.

இவற்றைப் பழம்பெருமையாக மட்டும் நோக்குதல் போதாது. ஊர்தி எதுவாயினும் அது இடைவழியில் இளைப்பாறி உணவு கொள்ள வேண்டும். மாட்டுக்கு நீரும் வைக்கோலும் எப்படியோ, அப்படியே மோட்டாருக்குப் பெற்றோல், மின்னூர்திக்கு மின்சாரம். ஆகவே ஒரு நாட்டின் போக்குவரத்து வரலாறு ஊர்திகளின் வரலாறாவதோடு, அவை நிரப்பிக்கொள்ளும் இடங்களின் வரலாறுமாகும். நெடுஞ்சாலை ஒன்றின் கடைக்கோடியில் அமைந்த குடாநாட்டுக்கு இவ்வுண்மை பலமுறை கடுமையாகவே உணர்த்தப்பட்டது.

மின்னூர்தி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1897ஆம் ஆண்டு இலண்டன் வீதிகளில் வால்ற்றர் பேர்சி என்பார் அமைத்த மின்கல வாடகை வண்டிகள் ஓடின. ஒரு முறை மின்னேற்றினால் ஏறக்குறைய 50 கிலோமீற்றர் ஓடும். ஆனால் மின்கலம் தீர்ந்ததும் ஒவ்வொரு வண்டியும் இலாம்பெத் என்னும் இடத்திலிருந்த நிலையத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. மின்கலத் தகடுகள் விரைவிலே தேய்ந்தன, செலவு மிகுந்தது, ஈராண்டுக்குள் அம்முயற்சி கைவிடப்பட்டது. கொழும்பிலோ மின்சாரம் கம்பிவழியே ஊர்தியைத் தொடர்ந்து வந்தது. 1899இலே தொடங்கிய திராம் வண்டிகளும், 1953 முதல் 1964 வரை ஓடிய திராலி பஸ்களும் மேலே தொங்கிய கம்பியிலிருந்து மின்சாரம் பெற்றன. கம்பி உள்ள வீதியிலே மட்டும் ஓடலாம் என்பதே அவற்றின் குறை. யாழ்ப்பாணத்துக்கு அக்கம்பி வரவில்லை, பெற்றோலே வந்தது.

பெற்றோலின் சிறப்பு விரைவு. சில நிமிடங்களில் நிரப்பலாம்; போத்தலிலும் கொண்டு செல்லலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பெற்ற பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1964 அளவில் இலங்கையின் எரிபொருள் வாணிகம் முழுவதையும் தன் கையிற் கொண்டது. அதன்பின் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் காரும் மொறிஸ் மைனரும் தென்னிலங்கையிலிருந்து வரும் எண்ணெயையே நம்பி ஓடின. மடத்துத் தொட்டியில் அவ்வூர் நீர் இருந்தது. பெற்றோல் நிலையத்தில் அவ்வூருக்கு உரியது எதுவும் இருக்கவில்லை.

இதன் பொருள் 1990இல் விளங்கியது. அவ்வாண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதும் யாழ்தேவி நின்றது. தென்னிலங்கையோடிருந்த மின்னிணைப்பும் அறுந்தது. பெற்றோல், டீசல் மட்டுமன்றி மின்கலங்களும், மின்சூள் விளக்குக்கு இடும் சிறு மின்கலங்கள் வரையில், தடைப்பட்ட பொருட்களாயின. மக்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டக் கற்றனர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை கண்ணைக் கரித்தது. இயந்திரத்தின் உள்ளே கரி படிந்தது. ஆயினும் நோயாளி மருத்துவமனை சேர்ந்தார். வானொலி கேட்பதற்கோ துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோவிலிருந்து எழுந்த மின்சாரத்தில் வீட்டார் செய்தி கேட்டனர். அந்நாட்களில் ஒவ்வொரு முற்றமும் ஒரு மின்னேற்று நிலையமாகவே இருந்தது எனலாம். 2002ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தடை தளர்ந்தது.

மின்கலம் வைத்திருத்தலே குற்றமாயிருந்த மண்ணில், பதின்மூன்று ஆண்டுகளின் பின் மின்கலத்தால் ஓடும் கார்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. 2015ஆம் ஆண்டளவில் நிசான் லீஃப் கார்கள் இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்தன. முதற்காலத்து லீஃப் காரின் மின்கலம் 24 கிலோவாற்று மணி கொள்ளும். அதனைக் கொண்டு ஏறத்தாழ 130 கிலோமீற்றர் ஓடலாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஆகவே குருநாகல், தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என வழிநெடுக மூன்று நான்கு இடங்களில் இளைப்பாற வேண்டும். பழைய வண்டிக்காரன் மடத்துக்கு மடம் கணக்கிட்டுப் புறப்பட்டது போலவே, மின்னூர்திக்காரனும் நிலையத்துக்கு நிலையம் கணக்கிட்டே புறப்பட வேண்டியவனானான்.

குடாநாட்டுக்குள்ளேயே ஓடுபவன் நிலை வேறு. நகரிலிருந்து பருத்தித்துறைக்கு 35 கிலோமீற்றருக்கு மேற்படாது; காங்கேசன்துறை அதனினும் அண்மை. அவன் இரவிலே வீட்டிற் பொருத்தி வைத்தாற் காலையில் மின்கலம் நிறைந்திருக்கும். பொது நிலையம் முதன்மையாக வழிப்போக்கனுக்கும், வாடகை வீட்டுக்காரனுக்கும், நாள் முழுதும் ஓடி உழைப்பவனுக்கும் உரியது. இதிலும் அது மடத்தின் வழித்தோன்றலே.

நிலையத்தைப் பயன்படுத்தும் முறையில் அறிய வேண்டியவை சில உள. வீட்டு மின்குதையில் 230 வோற்று அழுத்தத்தில் ஏறுவது சிறு ஓட்டமே. வெறுமையான மின்கலம் நிறையப் பத்து மணி நேரத்துக்கு மேலும் செல்லும். விரைவு நிலையமோ ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றி 50 கிலோவாற்று அளவில் மின்கலத்துக்கே செலுத்தும். நூற்றுக்கு எண்பது பங்கு நிறைய அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் வேகம் குறையும். குடத்தில் வாய்வரை நீர் நிறையும் வேளை வார்ப்பவன் கையைத் தளர்த்துவது போல, மின்கலம் சூடேறிப் பழுதாகாதிருக்க ஓட்டம் தானே தளரும். ஆகவே பின்னால் ஒருவர் காத்து நிற்கையில் எண்பதோடு விலகிக்கொள்ளுதல் பண்பு. மற்றொரு சிக்கல் பொருத்தி. யப்பானிய லீஃப் காருக்குச் சாடெமோ என்னும் பொருத்தி வேண்டும்; ஐரோப்பிய முறைக்கு வேறொன்று; சீன முறைக்குப் பிறிதொன்று. ஆவுரோஞ்சிக் கல் எந்த மாட்டையும் இனம் கேட்டதில்லை! சாடெமோ என்ற பெயரோ, காத்திருக்கும் வேளையில் தேநீர் அருந்தலாமா என்னும் பொருள்பட்ட யப்பானியத் தொடரை நினைவூட்டுமாறு அமைந்தது. தேநீர் இருக்கட்டும், வைகாசி வெயிலில் அரை மணி நேரம் நிற்பவனுக்கு நிழலாவது வேண்டுமென்பதை நிலையம் அமைப்போர் மறந்துவிடுவதுண்டு.

2022ஆம் ஆண்டு நாடு கடனிறுக்க இயலாது தவித்தபோது எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கான வரிசைகள் நின்றன. யாழ்ப்பாணத்து முதியோர் 1990களை நினைத்துக்கொண்டு துவிச்சக்கர வண்டிகளைத் துடைத்து எடுத்தனர். மின்னூர்தி வைத்திருந்தோர் தப்பினர் என்று எண்ணுதற்கில்லை; அவ்வாண்டு பங்குனி மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. மின்சாரத்தின் ஒரு பகுதியை எண்ணெய் எரித்து ஆக்கும் நாட்டில் எண்ணெய் தீர்ந்தால் மின்சாரமும் குறையும்.

எண்ணெயால் ஆக்கிய மின்சாரத்துக்குக் குடாநாடு வேறொரு விலையும் கொடுத்தது. நிலைத்தோடும் ஆறு இங்கில்லை. வழுக்கையாறு மழைக்கால ஓட்டமே. சுண்ணக்கற் பாறையின் துளைகளிலே தங்கும் நிலத்தடி நீரையே கிணறுகள் தருகின்றன. சுன்னாகத்தில் அனல் மின்நிலையச் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது வெளிப்பட்டு, 2015ஆம் ஆண்டளவில் மக்கள் திரண்டு முறையிட்டனர். 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம், மின்னாக்கிய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பாறை குடித்த எண்ணெய் பணத்தினால் வெளியேறுவதன்று. மின்னூர்தி புகைவிடாது என்று புகழ்வோர், அதன் மின்சாரம் எங்கே புகைகிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

எனினும் இன்னொரு வழி திறந்தே கிடக்கிறது. 2014ஆம் ஆண்டின் இறுதியிற் பளைப் பகுதியில் 20 மெகாவாற்று ஆற்றலுடைய காற்றாலைகள் எழுந்தன. கூரைகளிலே சூரியத் தகடுகள் பெருகின. மாட்டுத் தொட்டியின் நீருக்குப் பின்னர், குடாநாட்டு ஊர்தி ஒன்று அவ்வூரிலேயே விளைந்த உணவைக் கொள்ளும் வாய்ப்பு இப்போதுதான் வாய்த்திருக்கிறது. ஆனால் ஞாயிறு மிகுதியாகத் தருவது நண்பகலில். மக்கள் மின்சாரத்தை மிகுதியாக வேண்டுவது மாலை 6.30 மணிக்குப் பின். இடையிலுள்ள பொழுதே சிக்கல். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடிக் கிடக்க, மின்சாரம் தேவைக்கு மிஞ்சி வலையமைப்பு நிலைகுலையலாமென அஞ்சி, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு நாடெங்கும் கேட்டுக்கொள்ளப்பட்டது. அந்தப் பகல்களிலே, சந்தைக்கு அருகிலும் கோயில் வீதியிலும் பணிமனை வாயிலிலும் மின்னேற்று நிலையங்கள் இருந்திருக்குமாயின், நிறுத்தி வைத்திருந்த ஊர்திகள் அவ்வெயிலிற் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்பியிருக்கும்.