மஸில் கார்களில் முன்புறக் காற்றணையும் ஸ்பாய்லரும்

முன்புறக் காற்றணை என்பது காரின் முன்பம்பருக்குக் கீழே தரையை நோக்கி இறங்கும் தகடு போன்ற பாகமாகும். அது வண்டியின் அடியில் புகும் காற்றைக் குறைத்து, வேகம் கூடும்போது முன்சக்கரங்களின் தரைப்பிடிப்பு தளராமல் காக்கிறது. ஸ்பாய்லர் என்பது டிக்கி மூடியின் பின்விளிம்பில் எழும்பி நிற்கும் தடுப்பாகும். கூரையைத் தாண்டி வழுக்கி வரும் காற்றோட்டத்தை அது குலைத்து, பின்பகுதி மேலெழும்பும் போக்கைக் கட்டுப்படுத்துகிறது. 1960களின் பிற்பகுதியில் பந்தயக் களத்திலிருந்து அமெரிக்கச் சாலைக் கார்களுக்கு வந்த இவ்விரு பாகங்களும், அக்காலக் கார்களைப் புதுப்பிப்போர் இன்றும் விரும்பிப் பொருத்துபவை. ஒன்றின் விளைவை மற்றொன்று சமன்செய்வதால் இவற்றை ஒரே தொகுதியாகக் கருதுவதே பொருத்தமாகும்.

பின்னணி

நடுத்தர அளவுள்ள இரண்டு கதவுக் கார் ஒன்றில் பெரிய வி-8 எஞ்சினை அமர்த்தி, சாமானியரும் வாங்கும் விலையில் விற்கப்பட்ட அமெரிக்க வண்டிகளே மஸில் கார்கள் எனப்படுகின்றன. 1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்குத் தொடக்கமாகப் பெரும்பாலோரால் கொள்ளப்படுகிறது. மஸ்டாங், கமாரோ போன்ற சிறிய கார்களின் வேகமிக்க மாதிரிகளும் பின்னர் இதே பெயரில் அடக்கப்பட்டன. எஞ்சினின் ஆற்றல் ஆண்டுக்கு ஆண்டு ஏறியபோதும், உடற்கூட்டின் வடிவத்தைக் காற்றோட்டத்தைவிடத் தோற்றமே தீர்மானித்தது. உட்குழிந்த கிரில், நிமிர்ந்த முகப்பு, திறந்து கிடந்த அடிப்பகுதி ஆகியவை நகர வேகத்தில் தொல்லை தரவில்லை. பந்தயத் தடத்தில் அவையே வண்டியின் நிலைத்தன்மைக்குக் கேடாயின.

இயங்கும் முறை

ஓடும் காரின் முகப்பில் மோதும் காற்று மேலும் கீழும் பிரிகிறது. பானெட்டின் மேல் வளைந்து விரையும் காற்றின் அழுத்தம் குறைகிறது. அடியில் புகும் காற்றோ ஆக்சில், சைலன்சர், எண்ணெய்த் தொட்டி முதலியவற்றில் முட்டித் தேங்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. இந்த வேறுபாடு வண்டியின் முன்பகுதியை மேலே தூக்க முயல, ஸ்டியரிங் இலேசாகிவிடுகிறது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், மணிக்கு 100 கிலோமீட்டரில் உணரப்படாத தூக்கல் 200 கிலோமீட்டரில் நான்கு மடங்காகிவிடுகிறது.

காற்றணை அடியில் புகும் காற்றைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால், அதன் பின்புறத்தில் தாழ்ந்த அழுத்தம் உருவாகிறது. முன்பகுதியின் தூக்கல் இதனால் குறைவதோடு, ரேடியேட்டர் வழியே காற்று இழுக்கப்படுவதும் எளிதாகிறது. தகட்டின் முகப்பரப்பு காற்றுத்தடையைச் சிறிது கூட்டினாலும், கரடான அடிப்பகுதியில் காற்று மோதுவது குறைவதால், அளவான ஆழமுள்ள அணையில் மொத்தத் தடை பெரும்பாலும் தணிகிறது. அந்த ஆழத்தை மீறினால் தடை மீண்டும் ஏறும்.

பின்புறத்தில் சரிந்த கூரையை ஒட்டி விரையும் காற்று டிக்கியின் மேல் தாழ்ந்த அழுத்தத்தை உண்டாக்குகிறது. ஸ்பாய்லர் அக்காற்றை விளிம்பில் தடுத்து நிறுத்துவதால் டிக்கியின் மீதான அழுத்தம் உயர்கிறது. உடற்கூட்டோடு ஒட்டி நிற்கும் ஸ்பாய்லரிலிருந்து, மேலும் கீழும் காற்று பாயும்படி தூண்கள் மேல் நிறுத்தப்படும் இறக்கை வேறுபட்டது. இவை இரண்டும் பின் ஆக்சிலுக்கு அப்பால் அமைவதால், பின்பகுதியை அழுத்தும் விசை முன்பகுதியின் பாரத்தை ஓரளவு குறைத்துவிடுகிறது. முன்னணை இல்லாமல் பெரிய பின் ஸ்பாய்லரை மட்டும் பொருத்தும் வழக்கம் அதிவேகத்தில் ஸ்டியரிங்கை மேலும் இலேசாக்குவதற்கு இதுவே காரணம்.

பந்தய விதிகளும் தொழிற்சாலை மாதிரிகளும்

தொழிற்சாலைகள் இப்பாகங்களைச் சாலைக் கார்களில் அமைத்ததற்குப் பந்தய விதிகளே முதன்மைக் காரணமாயின. ஒரு வடிவம் பந்தயத்தில் அனுமதிக்கப்பட வேண்டுமானால், அதே வடிவில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கார்களைப் பொதுமக்களுக்கு உருவாக்கியாக வேண்டும் என்பதே ஹோமோலொகேஷன் எனப்படும் ஏற்புவிதியாகும். 1966இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் தொடரில் 5 லிட்டர் எஞ்சின் வரம்பு இருந்தது; அதற்கென 1967இல் செவர்லே உருவாக்கிய கமாரோ இசட்/28, அவ்வாண்டில் 602 மட்டுமே தயாரானது. 1969ஆம் ஆண்டின் கமாரோவில் டி80 என்ற குறியீட்டைத் தேர்ந்தவருக்கு முன்னணையும் பின் ஸ்பாய்லரும் சேர்ந்தே கிடைத்தன. இரண்டையும் ஒரே தொகுதியாக விற்றது பொறியியல் நோக்கிலும் சரியான முடிவே.

ஃபோர்டு நிறுவனத்துக்காக லாரி ஷினோடா வடிவமைத்த 1969ஆம் ஆண்டின் மஸ்டாங் பாஸ் 302 இதே போட்டிக்கெனப் பிறந்தது. அதன் கறுப்பு முன்னணை போக்குவரத்தில் உடையாதிருக்க டிக்கிக்குள் வைத்து அனுப்பப்பட்டு, விற்பனையாளரிடம் பொருத்தப்பட்டது. 1970ஆம் ஆண்டின் பான்டியாக் ஃபயர்பேர்டு டிரான்ஸ் ஆம், முன்னணை, சக்கர வளைவுகளின் முன் சிறு தடுப்புகள், பின் ஸ்பாய்லர் என அனைத்தையும் ஒரே வடிவமாக ஒன்றிணைத்தது. அதே ஆண்டில் ஏ.எம்.சி. நிறுவனம் பந்தய ஓட்டுநர் மார்க் டோனஹியூவின் பெயரில் ஸ்பாய்லர் கொண்ட ஜாவ்லின் கார்களை வெளியிட்டது.

நாஸ்கார் பந்தயங்களில் இம்முயற்சி உச்சத்தைத் தொட்டது. 1969ஆம் ஆண்டின் டாட்ஜ் சார்ஜர் டேடோனா, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீண்ட கூர்மூக்கையும், டிக்கிக்கு மேல் சுமார் 58 சென்டிமீட்டர் உயர்ந்த இறக்கையையும் பெற்றது. 1970 மார்ச் 24இல் டல்லடேகா தடத்தில் பட்டி பேக்கர் இவ்வகைக் காரில் மணிக்கு 200 மைலைக் கடந்தார். பிளைமவுத் சூப்பர்பேர்டு டேடோனாவின் நெருங்கிய உறவு. 1971இல் இவ்வகைக் கார்களுக்கு மட்டும் எஞ்சின் அளவு 5 லிட்டருக்குச் சுருக்கப்பட்டதால், அவை களத்திலிருந்து மறைந்தன.

பொருத்தும் முறை

இன்று கிடைக்கும் மாற்றுப் பாகங்கள் ஃபைபர்கிளாஸ், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், பாலியூரித்தேன் ஆகியவற்றில் வார்க்கப்படுகின்றன. ஃபைபர்கிளாஸ் விறைப்பானது, ஆனால் வேகத்தடையில் உரசினால் விரிசல் விடும். பாலியூரித்தேன் வளைந்து கொடுத்து மீண்டும் நிமிரும். அதற்கேற்ற நெகிழ்வுக் கலவை சேர்க்காத பெயிண்ட் அதன்மேல் வெடித்துவிடும்.

முன்னணை வழக்கமாகப் பம்பருக்குக் கீழுள்ள தகரத்தில் இணைகிறது. காரைத் தாங்கிகளின் மேல் உறுதியாக நிறுத்தி, வண்டியின் நடுக்கோட்டைத் தகரத்திலும் அணையிலும் குறித்து, ஒட்டுநாடாவால் அணையைத் தற்காலிகமாகப் பிடிக்கச் செய்து, இருபுற இடைவெளியும் ஒத்திருப்பதை அளந்த பின்னரே துளையிட வேண்டும். ஐம்பதாண்டு பழைய தகரம் எங்காவது கோணியிருக்கும் என்பதால் அளவுநாடாவை மட்டும் நம்பாமல், சற்றுத் தள்ளி நின்று கண்ணாலும் பார்ப்பது நல்லது. துளையிடும் இடத்தில் பஞ்ச்சால் சிறு குழி பதித்து, மெல்லிய முனையில் தொடங்கித் தேவையான அளவுக்கு விரிக்க வேண்டும். வெட்டுப்பட்ட விளிம்பில் வெற்று இரும்பு தெரியும். அங்கே பிரைமரும் பெயிண்டும் பூசாவிட்டால் துரு அத்துளையிலிருந்தே பரவும். வெயிலில் விரியும் பிளாஸ்டிக்குக்கு இடமளிக்க, அணையின் துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகவும், அவற்றின் மேல் அகன்ற வாஷர்கள் அமர்ந்தும் இருக்க வேண்டும்.

பொருத்தியபின் சக்கரங்களை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்ப்பதும், ஸ்பிரிங் அமுங்கும் நிலையில் டயர் உரசுகிறதா என்று சோதிப்பதும் கட்டாயம். அணையின் கீழ்விளிம்பு வீட்டு வாசல் சரிவில் இடிபட்டால் அதன் ஆழம் அவ்வண்டிக்குப் பொருந்தாது.

பின் ஸ்பாய்லரில் டிக்கி மூடியின் உள்தகட்டு வழியே போல்ட்டுகள் ஏறுகின்றன. ஒவ்வொரு துளையும் மழைநீர் இறங்கும் வாயிலாகாதபடி அடைப்புப் பசை இட வேண்டும். கூடுதல் எடையால் மூடி தானே விழத் தொடங்கினால், அதைத் தாங்கும் முறுக்குக் கம்பியின் இறுக்கத்தைச் சரிசெய்யலாம். அழுத்தத்தில் இருக்கும் அக்கம்பி நழுவினால் கையைக் கிழித்துவிடும் என்பதால் அதற்குரிய கருவி இல்லாமல் தொடக்கூடாது.

அசல் தன்மை

சேகரிப்போரிடையே ஒரு காரின் மதிப்பை அது தொழிற்சாலையிலிருந்து எவ்வாறு வந்தது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. கிரைஸ்லர் கார்களின் பாகத் தேர்வுகளை மட்கார்டின் உட்புறத் தகடு காட்டுகிறது. 1967ஆம் ஆண்டு முதலான ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் எனப்படும் தயாரிப்புப் பதிவறிக்கை கிடைக்கிறது. ஆவணத்தில் இல்லாத ஸ்பாய்லரைப் பொருத்துவது தவறன்று. அதைத் தொழிற்சாலைப் பாகமாகக் காட்டி விற்பதே தவறு. அரிய அசல் காரின் தகரத்தில் புதிய துளையிடுவதைத் தவிர்த்து, ஏற்கெனவே உள்ள துளைகளையும் கழற்றக்கூடிய கிளிப்புகளையும் பயன்படுத்துவதே முறையாகும். முன்னணையையும் பின் ஸ்பாய்லரையும் ஒரே மாதிரிக்கு உரிய இணையாகத் தேர்ந்து, பிற்காலத்தில் தடமின்றிக் கழற்றும்படி பொருத்துவது, காரின் நிலைத்தன்மைக்கும் அதன் வரலாற்றுக்கும் ஒருங்கே ஏற்ற வழியாகும்.