கடலில்லாத புனேயில் ஒரு கடல் கதை

புனேவாழ் நம்மவர்களுக்கு சிவாஜிநகர் 'சிம்லா ஆபீஸ்' தெரிந்திருக்கும். 1928ல் வானிலைத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து இங்கே வந்ததால் அந்தப் பெயர். 1944ல் தலைமையகம் டெல்லிக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

1962 நவம்பரில் இதே ஊரில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தொடங்கியது. முதல் இயக்குநர் பி.ஆர்.பிஷாரடி, பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்காரர். சர் சி.வி.ராமனிடம் பயின்றவர். ஆரம்பத்தில் அது வானிலைத் துறையின் ஓர் அங்கம்தான். தன்னாட்சி கிடைத்தது 1971 ஏப்ரல் 1ல்.

அதற்கப்புறம் நடந்ததை எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், கிளை அதேதான், ஹெட் ஆபீஸ்தான் மாறிக்கொண்டே இருந்தது! முதலில் சுற்றுலா, விமானப் போக்குவரத்து அமைச்சகம். 1985ல் அறிவியல் தொழில்நுட்பத் துறை. 2006ல் புவி அறிவியல் அமைச்சகம்.

இந்தக் கடைசி மாற்றம்தான் முக்கியமானது. அந்த அமைச்சகத்தின் பூர்வீகம், 1981ல் ஏற்பட்ட கடல் மேம்பாட்டுத் துறை. அதன் முதல் செயலர் டாக்டர் காசிம், 1966ல் தொடங்கிய, கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஆக, கடல்காரர்களும் வானிலைக்காரர்களும் ஒரே கூரைக்கு வந்தார்கள்.

பருவமழையின் போக்கைக் கடல்நீரின் சூடும் தீர்மானிக்கிறது. 2012ல் தொடங்கிய பருவமழைத் திட்டத்தில், கடலையும் காற்றையும் சேர்த்தே கணக்கிடும் மாடலைப் புனே நிறுவனம் வளர்த்தெடுத்தது.

எந்த ஃபைல் எந்த அமைச்சகத்தில் இருந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். மழை பொய்த்தால் விவசாயியின் பயிர்க்கடன் என்னவாகும் என்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.