பதில் சொல்ல வைத்தவர்

1961 அக்டோபர் 18. தென்னாப்பிரிக்காவில் பொதுத்தேர்தல். ஓட்டுப் போட்டவர்கள் அநேகமாக எல்லோருமே வெள்ளையர்கள். ஜோஹானஸ்பர்க்கின் வசதியான வெள்ளையர் பகுதியான ஹௌட்டன் தொகுதியில் ஒரு வேட்பாளர் 564 வாக்கு வித்தியாசத்தில் கரையேறினார். அவருடைய முற்போக்குக் கட்சியில் வேறு யாரும் ஜெயிக்கவில்லை. அவர் பெயர் ஹெலன் சுஸ்மன். வயது 43.

அடுத்த 13 வருஷம், 1974 தேர்தல் வரை, அந்தக் கட்சிக்கு அவையில் அவர் ஒருத்தர்தான். எதிரே 150க்கும் மேற்பட்டவர்கள். பெயரளவில் ஐக்கியக் கட்சி என்று ஒரு பெரிய எதிர்க்கட்சி இருந்தது. ஆனால் முக்கியமான நேரங்களில் அது ஆளுங்கட்சிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த 13 வருஷத்தில் அவருடைய ஓட்டால் ஒரு சட்டம்கூட நின்றதில்லை. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர் அங்கே இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான்.

ஆனாலும் நிறவெறி ஆட்சியின் அமைச்சர்கள் அவர் எழுந்து நிற்பதைப் பார்த்தாலே எரிச்சலானார்கள். ஏன் என்று தேடிப் போனபோதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவருடைய புகழ்பெற்ற உரைகளை எல்லோரும் பேசுகிறார்கள். அவர் செய்த பெரிய வேலை அதைவிடச் சலிப்பான ஒன்று: கேள்வி கேட்டு, வந்த பதிலை எழுதி வைப்பது.

*

சுஸ்மன் பிறந்தது ஜோஹானஸ்பர்க் பக்கத்தில் ஜெர்மிஸ்டன் என்ற தங்கச் சுரங்க ஊரில். பெற்றோர் லிதுவேனியாவிலிருந்து வந்த யூதர்கள். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை அரசியல் பக்கம் திருப்பியது ஒரு கமிஷன். 1946இல் நகரங்களில் வாழும் ஆப்பிரிக்கர்கள் தொடர்பான சட்டங்களை ஆராய ஃபேகன் கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் முன் வைக்க, இன உறவுகள் நிறுவனம் என்ற அமைப்புக்காகச் சாட்சியம் தயாரித்தார் சுஸ்மன். அப்போதுதான் பாஸ் சட்டங்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டி வந்தது.

பாஸ் சட்டம் என்றால் என்ன? ஒரு கறுப்பினத்தவர் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டுமென்றால் அதற்குத் தகுதி வேண்டும். அங்கேயே பிறந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முதலாளியிடம் 10 வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், இப்படிச் சில விதிகள். எல்லாம் கையில் வைத்திருக்கும் பாஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதை வீட்டில் மறந்துவிட்டுப் பால் வாங்கப் போனாலும் குற்றம். கிராமத்திலிருக்கும் மனைவி நகரத்தில் வேலை செய்யும் கணவனோடு வந்து தங்கினாலும் குற்றம்.

சட்டப் புத்தகத்தில் அது வெறும் பிரிவு எண். அது எத்தனை பேரை ஜெயிலுக்கு அனுப்புகிறது என்று தெரிய எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை அரசாங்கத்திடம் இருக்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது?

நாடாளுமன்ற முறையில் அதற்கு ஒரு வழி உண்டு. எந்த உறுப்பினரும் அமைச்சரிடம் முறைப்படி கேள்வி கேட்கலாம். பதில் அவைக்குறிப்பில் அச்சாகும். நம்ம ஊர் மக்களவையிலும் இதே ஏற்பாடுதான்; இரண்டுமே லண்டனிலிருந்து வந்த பழக்கம். இந்தக் கதவைச் சுஸ்மன் தட்டிக்கொண்டே இருந்தார். போன வருஷம் பாஸ் சட்டத்தில் எத்தனை பேர் மேல் வழக்கு? விசாரணையில்லாமல் எத்தனை பேர் காவலில்? எத்தனை பேருக்குக் கசையடி? எத்தனை பேருக்குத் தூக்கு? கறுப்பினக் குழந்தையின் படிப்புக்கு எவ்வளவு செலவு, வெள்ளைக் குழந்தைக்கு எவ்வளவு?

அதிகாரிகள் கணக்கு வைப்பதில் கெட்டிக்காரர்கள். ஆகவே பதில்கள் வந்தன. 1960களின் இறுதியில் பாஸ் சட்டங்களின் கீழ் மட்டும் வருஷத்துக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். அதை 365ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 1,600க்கும் மேல். ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்து. இத்தனைக்கும் இவர்களில் பெரும்பாலோர் யாருடைய பொருளையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஒரு காகிதம் சரியாக இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளால் வெளிநாட்டில் தென்னாப்பிரிக்காவின் மானம் போகிறது என்று ஒருமுறை ஆளுங்கட்சித் தரப்பு குற்றம்சாட்டியது. சங்கடம் தருபவை என் கேள்விகள் அல்ல, உங்கள் பதில்கள்தான் என்று சுஸ்மன் திருப்பிச் சொன்னார். இன்றுவரை அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நகைச்சுவையாகத் தோன்றும். உண்மையில் அவருடைய மொத்த வேலைமுறையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

*

பத்திரிகைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்கலாம். அவற்றின் கை கட்டப்பட்டிருந்தது. 1959இன் சிறைச்சாலைகள் சட்டப்படி, சிறை நிலைமை பற்றித் தவறான செய்தி போடுவது குற்றம். தகுந்த முறையில் சரிபார்த்தோம் என்று நிரூபிக்கும் பாரம் பத்திரிகை மேல். 1965இல் 'ராண்ட் டெய்லி மெயில்' சிறைக் கொடுமைகள் பற்றித் தொடர் வெளியிட்டது. ஆசிரியர் லாரன்ஸ் கேண்டரும் செய்தியாளர் பெஞ்சமின் போக்ரண்டும் பல வருஷம் வழக்கில் இழுக்கப்பட்டு, 1969இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

நாடாளுமன்றத்துக்குள் பேசியதை வெளியிட அந்தப் பயம் இல்லை. அவையில் அமைச்சர் சொன்ன பதிலை 'பொய்' என்று யார் மேல் வழக்குப் போடுவது? ஆக, ஒரு பாதை உருவானது. பாதிக்கப்பட்டவர் சுஸ்மனுக்குக் கடிதம் எழுதுவார். அவர் அதைக் கேள்வியாக்குவார். அமைச்சர் பதில் சொல்வார். பத்திரிகை அதைப் பிரசுரிக்கும். இன உறவுகள் நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் அந்த எண்களைத் தொகுக்கும். அதைப் படிக்கிற இன்னொருவர் அடுத்த கடிதத்தை எழுதுவார்.

கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. கைதிகள், கைதிகளின் மனைவிமார், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். அவர்களுடைய ஓட்டை நம்பி அவர் நிற்கவில்லை. அவர்களும் அவருக்கு ஓட்டுப் போட முடியாது. ஒரு எம்.பி.க்கும் மக்களுக்கும் இடையே நாம் வழக்கமாக நினைக்கிற கணக்கு அங்கே இல்லை. அவருடைய காகிதங்கள் இன்று அவர் பாடம் நடத்திய அதே பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

*

கேள்வி மட்டும் போதாத நாட்களும் வந்தன. 1963இல் நீதித்துறை அமைச்சர் ஃபோர்ஸ்டர் ஒரு மசோதா கொண்டுவந்தார். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல், வக்கீலைப் பார்க்க விடாமல், ஒருவரை 90 நாள் அடைத்து வைக்கலாம். 90 முடிந்ததும் வெளியே விட்டு, வாசலிலேயே பிடித்து இன்னொரு 90. அதே சட்டத்தில் ராபர்ட் சொபுக்வேக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்களே, அந்தப் பாஸ் எதிர்ப்புப் போராட்டத்துக்கு அழைப்பு விடுத்த தலைவர் அவர். தண்டனைக்காலம் முடிந்த பிறகும் அவரை ராபன் தீவில் வைத்திருக்க அந்தப் பிரிவு வழிசெய்தது. ஆறு வருஷம் வைத்திருந்தார்கள்.

ஐக்கியக் கட்சி மசோதாவுக்கு ஆதரவு. எதிர்த்து நின்றவர் சுஸ்மன் ஒருவரே.

அந்தச் சட்டத்தின் கீழ் காவலில் செத்த முதல் ஆள் லுக்ஸ்மார்ட் இங்குட்லே, அதே வருஷம் செப்டம்பரில். தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது போலீஸ். அப்புறம் வரிசையாக மாடியிலிருந்து விழுந்தவர்கள், குளியலறையில் வழுக்கியவர்கள். 1971இல் ஜோஹானஸ்பர்க் போலீஸ் கட்டடத்தின் 10ஆவது மாடியிலிருந்து அகமது திமோல் என்ற இந்திய வம்சாவளி ஆசிரியர் விழுந்து இறந்தார். தற்கொலை என்று எழுதி மூடிய கோப்பு அது. 2017இல் நீதிமன்றம் மறுபடி விசாரித்து, அது கொலை என்றது. 46 வருஷம் கழித்து.

1963இல் அந்த அவையில் இருந்த மற்ற எல்லோரும் பின்னாளில் 'இப்படி ஆகும்னு எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்க முடியும். சுஸ்மன் அங்கே இருந்ததால் முடியாது. என்ன ஆகும் என்று ஒருவர் எழுந்து சொன்னது அவைக்குறிப்பில் இருக்கிறது.

*

1967இல் அவர் ராபன் தீவுக்குப் போனார். எம்.பி. என்ற முறையில் அனுமதி கேட்டு வாங்கிய பயணம். முதல் அறைகளில் இருந்தவர்கள் தங்கள் குறையைச் சொல்லாமல், வரிசையின் கடைசியில் இருக்கும் மண்டேலாவிடம் போகச் சொன்னார்கள். சிறைத்துறைத் தலைவர் பக்கத்தில் நிற்க, மண்டேலா ஒன்றொன்றாக அடுக்கினார்: சாப்பாடு, துணி, படிக்க வசதி. கடைசியாக ஒரு காவலர். அந்த ஆள் கையில் ஸ்வஸ்திக் பச்சை குத்தியிருந்தார். நாஜிச் சின்னம். யூதக் குடும்பத்தில் பிறந்த ஒருவரிடம் இதைச் சொல்கிறார்கள்.

அவையில் இதைப் பேசுவேன் என்று சுஸ்மன் அதிகாரிகளிடம் தெரிவித்தார். சில வாரங்களில் அந்தக் காவலர் மாற்றப்பட்டார். இங்கே பேச்சு தேவைப்படவே இல்லை. பேசினால் அது பதிவாகும், பதிவானால் அச்சாகும் என்ற பயமே போதுமாக இருந்தது.

*

இவரைத் தெய்வமாக்க வேண்டிய அவசியம் இல்லை. அவருடைய கட்சி ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஓட்டு என்று சொல்லவில்லை. படிப்போ வருமானமோ இருப்பவர்களுக்கு மட்டும் ஓட்டு என்ற கொள்கை. அதை விட்டுவிட 1978 வரை ஆனது. கட்சிக்குப் பின்னால் இருந்தது சுரங்க முதலாளி ஹாரி ஓப்பன்ஹைமரின் பணம். 1980களில் உலகமே பொருளாதாரத் தடை கேட்டபோது சுஸ்மன் அதை எதிர்த்தார். வேலை இழக்கப்போவது கறுப்பினத் தொழிலாளர்கள்தான் என்றார். விடுதலை இயக்கத்தில் பலருக்கு இது கோபம். இன்னும் அடிப்படையான விமர்சனம் ஒன்றும் உண்டு: வெள்ளையர்களுக்கான அவையில் போய் உட்கார்வதே அந்த அவைக்கு ஒரு ஜனநாயகச் சாயம் பூசுகிறது. 'பாருங்கள், எங்களிடம் எதிர்க்கட்சி இருக்கிறது' என்று ஆட்சியாளர்கள் காட்டிக்கொள்ள உதவுகிறது.

எனக்கு இந்த விமர்சனம் பாதி சரியென்று படுகிறது. பாஸ் சட்டங்கள் 1986இல் போனதற்கு முதல் காரணம் தெருவில் இறங்கியவர்கள், வேலைநிறுத்தம் செய்தவர்கள், ஜெயிலுக்குப் போனவர்கள். சுஸ்மன் இல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும். ஆனால் அந்தச் சட்டம் என்ன செய்தது என்று இன்று நாம் எண்ணிக்கையோடு பேச முடிகிறதே, அதில் அவருக்குப் பங்கு உண்டு. குற்றவாளியின் கையெழுத்திலேயே வாக்குமூலம் வாங்கி வைத்துவிட்டுப் போனார்.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். தரவுத்தளத்தில் 0 வேறு, நல் வேறு என்பது எங்களுக்கு முதல் வாரப் பாடம். 0 என்றால் எண்ணிப் பார்த்தோம், எதுவும் இல்லை. நல் என்றால் எண்ணவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரி வெறுமையாகத் தெரியும். 2020 செப்டம்பரில், ஊரடங்கில் நடந்தே ஊர் போன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நம் மக்களவையில் கேட்டபோது, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று எழுத்தில் பதில் வந்தது. சுஸ்மனுக்கு எதிரே இருந்த அரசு கொடுமையானது, ஆனால் எண்ணியது. எண்ணாமலே இருந்துவிடலாம் என்று கற்றுக்கொண்ட அரசிடம் அவருடைய முறை வேலை செய்யுமா? கொஞ்ச நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தோன்றுவது இதுதான். 'தரவு இல்லை' என்பதும் ஒரு பதில். கேட்டவர் பெயரோடும், பதில் சொன்ன அமைச்சகத்தின் பெயரோடும், தேதியோடும் அச்சாகியிருக்கிறது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அந்த வெறுமைகூட நமக்குத் தெரிந்திருக்காது.

36 வருஷம் அவையில் இருந்துவிட்டு 1989இல் சுஸ்மன் ஓய்வுபெற்றார். 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் மண்டேலா புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட்டபோது பக்கத்தில் நின்றிருந்தார். 2009 புத்தாண்டு நாளில், 91 வயதில் இறந்தார். அவர் கேட்ட கேள்விகள் அவைக்குறிப்புத் தொகுதிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு அமைச்சரின் பதில்.