பீடித் தொழிலும் புகையிலைக் கட்டுப்பாடும்

தெண்டு மரத்தின் காய்ந்த இலையில் புகையிலைத் தூளை வைத்துச் சுற்றி, நூலால் கட்டப்படும் புகைபொருள் பீடி. 2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 7.7 விழுக்காட்டினர் பீடியும் 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் புகைத்தனர். அரசுக் கணக்கில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் பீடித் தொழிலாளர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள். புகையிலைக்கு எதிரான சட்டங்களும் வரிகளும் சிகரெட்டின் மீது இறுகியபோதெல்லாம் பீடி தப்பித்துவந்ததற்கு இந்தத் தொழிலாளர்களின் பிழைப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. அதே சலுகைகள் அவர்களின் நிலையை எப்படி மாற்றின என்பது இத்தொழிலின் வரலாற்றில் முக்கியமான கேள்வி.

தோற்றமும் பரவலும்

போர்த்துகீசியர் வழியாக வந்த புகையிலை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய அரசவையை எட்டியது. ஜகாங்கீர் 1617இல் அதைத் தடை செய்தும் பழக்கம் நிற்கவில்லை. பீடி 19ஆம் நூற்றாண்டில் குஜராத் பகுதியில் உருவானதாகக் கருதப்படுகிறது. தெண்டுக் காடுகள் சூழ்ந்த ஜபல்பூருக்கு இரயில்பாதை வந்தபின் மத்திய இந்தியா அதன் மையமாயிற்று. சுதேசி இயக்கக் காலத்தில் அந்நிய சிகரெட்டுக்கு மாற்றாகப் படித்தவர்களும் பீடியைக் கையிலெடுத்தனர். பீடிப் புகையிலை குஜராத்தின் சரோத்தர் வட்டாரத்திலும் கர்நாடகத்தின் நிப்பாணியிலும் விளைந்தது. தமிழகத்தில் திருநெல்வேலி, தென்காசி, வேலூர், குடியாத்தம் பகுதிகளில் தொழில் வேரூன்றியது.

தொழிற்சட்டமும் வீட்டு உற்பத்தியும்

பீடி சுற்ற இயந்திரம் வேண்டாம். ஒரு சுளகும் கத்தரியும் போதும். எனவே முதலாளிக்குத் தொழிற்கூடத்தை மூடுவதும் எளிது, வேறிடம் பெயர்வதும் எளிது. 1966இல் நிறைவேறிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் (பணி நிலைமைகள்) சட்டம் வேலைநேரம், விடுப்பு, உரிமம் ஆகியவற்றை வரையறுத்ததோடு வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. கேரள அரசு 1968இல் இதை நடைமுறைப்படுத்தியதும் மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியின் தொழிற்கூடங்களை மூடினர். வேலையிழந்தோருக்காக 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவு தொடங்கப்பட்டது. அதன் உச்சகாலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் அதில் பணியாற்றினர். சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது.

மற்ற இடங்களில் உற்பத்தி வீடுகளுக்குள் நகர்ந்தது. நெல்லை வட்டாரத்தில் பெண்கள் பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி, சுற்றிக் கட்டி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. தரமில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலி கிடையாது. இடையில் தரகர் நிற்பதால் முதலாளி யார் என்று நிறுவுவதே தொழிற்சங்கங்களுக்குப் பெரும் வழக்காயிற்று. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலில் சிறுவரை அமர்த்தத் தடை விதித்தது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது.

வரி

ஆங்கிலேய அரசு 1943இல் புகையிலைக்குக் கலால் வரி விதித்தது. 1979இல் இலைப்புகையிலை மீதான வரி நீக்கப்பட்டு, சுமை உற்பத்திப் பொருளுக்கு மாற்றப்பட்டது. கையால் சுற்றும் பீடிக்கு இயந்திரப் பீடியைவிடக் குறைந்த வரி இருந்தது. ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் (பிற்காலத்தில் 20 லட்சம்) உற்பத்தி செய்வோருக்கு முழு விலக்கு அளிக்கப்பட்டது. சிறு உற்பத்தியாளரைக் காக்க வந்த இந்த வரம்பு, ஒரே நிறுவனம் பல பெயர்களில் சிதறி இயங்கவும் தூண்டுகோலாயிற்று. சிதறிய நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதியைக் கேட்டுப் பெறுவதும் கடினமாயிற்று.

2017 ஜூலையில் வந்த சரக்கு–சேவை வரியில் பீடிக்கும் சிகரெட்டுக்கும் 28 விழுக்காடு என்றாலும், சிகரெட்டுக்கு மட்டும் கூடுதல் தீர்வை சேர்ந்தது. இதனால் சில்லறை விலையில் வரியின் பங்கு பீடிக்குச் சுமார் 22 விழுக்காடாகவும் சிகரெட்டுக்கு 50 விழுக்காட்டுக்கு மேலாகவும் அமைந்தது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதோ 75 விழுக்காடு. தொழிலாளரின் மருத்துவம், வீடு, பிள்ளைகளின் கல்வி உதவிக்காக 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலிக்கப்பட்ட நலவரியும் 2017இல் கைவிடப்பட்டது.

எச்சரிக்கைப் படங்கள்

1975ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. பீடி அதில் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எல்லாப் புகையிலைப் பொருள்களையும் உள்ளடக்கியது. அதே ஆண்டு ஏற்கப்பட்ட புகையிலைக் கட்டுப்பாட்டு உலக உடன்படிக்கையை இந்தியா 2004 பிப்ரவரியில் உறுதிசெய்தது. மண்டையோட்டுச் சின்னம் கட்டாயம் என்ற விதி, பீடி மாவட்டங்களைச் சேர்ந்த அரசியல்வாதிகளின் எதிர்ப்பால் 2007இல் திருத்தப்பட்டது. படத்துடன் கூடிய எச்சரிக்கை பல ஒத்திவைப்புகளுக்குப் பின் 2009 மே 31இல் நடைமுறைக்கு வந்தது. பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கை வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் அமலானது. அதற்கு முன் இவ்விதியை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவில் பீடித் தொழிலதிபர் ஒருவரும் உறுப்பினராக இருந்தது 2015இல் சர்ச்சையானது.

நலவாழ்வுச் சான்றுகள்

பீடி சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, காசநோயால் இறந்த ஆண்களில் பாதிப் பேரின் இறப்பில் புகைப்பழக்கத்துக்குப் பங்குண்டு என்றது. 2008இல் வெளியான மற்றோர் ஆய்வின் மதிப்பீட்டில் பீடி ஆண்களின் ஆயுளில் சுமார் 6 ஆண்டுகளையும் பெண்களின் ஆயுளில் 8 ஆண்டுகளையும் குறைக்கிறது.

மாற்றுத் தொழிலும் அண்மை நிலையும்

புகையிலைத் தொழிலாளர்க்கு மாற்று வாழ்வாதாரம் தேட உலக உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. பீடி விற்பனை சரியத் தொடங்கியதும் தினேஷ் கூட்டுறவு குடை, உணவுப் பொருள், மென்பொருள் எனத் திரும்பியது. சிதறிய வீட்டுத் தொழிலாளர்களால் இப்படிச் சேர்ந்து தொழில் மாற முடியவில்லை.

2025 செப்டம்பரில் சரக்கு–சேவை வரிக் குழு மற்றப் புகையிலைப் பொருள்களுக்கு 40 விழுக்காடும் பீடிக்கு 18 விழுக்காடும், பீடி இலைக்கு 5 விழுக்காடும் பரிந்துரைத்தது. தொழிலாளரின் பிழைப்பே இதற்கும் நியாயமாகச் சொல்லப்பட்டது. ஆனால் ஆயிரம் பீடிக்கான கூலியை நிர்ணயிப்பது மாநிலங்களின் குறைந்தபட்சக் கூலி ஆணையே; வரி குறைந்தால் கூலி உயரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.