தொட மறுத்த கைகள்: டக் நிக்கோல்ஸின் ஆட்டக்களம்

ஆஸ்திரேலியக் கால்பந்து என்பது அணிக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்தைக் காலாலும் கையாலும் கடத்தி ஆடும் ஆட்டம். உடலோடு உடல் மோதாமல் இதை ஆட முடியாது. இந்த ஆட்டத்துக்குள்தான் தீண்டாமையும் இருந்தது.

1927இல் மெல்பர்ன் நகரின் கார்ல்டன் கழகத்தில் சேர வந்தார் டக் நிக்கோல்ஸ். யோர்ட்டா யோர்ட்டா பூர்வகுடியைச் சேர்ந்தவர். கமெராகுஞ்சா குடியிருப்பில் 1906இல் பிறந்தவர். உயரம் ஐந்தடி இரண்டங்குலம், ஓட்டத்தில் புயல். அவர் மீது நாற்றம் அடிக்கிறது என்றார்கள் சக ஆட்டக்காரர்கள். அவருக்கு உடம்பு பிடித்துவிட மறுத்தார்கள். கார்ல்டன் கதவு மூடியது.

இந்தக் கதை நமக்குப் புதிதா? பந்துவீச்சுக்கு பல்வங்கர் பாலு வேண்டும், ஆனால் அவருக்குத் தேநீர் வெளியே தனிக் குவளையில் என்று புனேயில் நடத்தினார்களே, அதே கதைதான். உழைப்பு வேண்டும், உடல் ஆகாது.

நிக்கோல்ஸ் நார்த்கோட் கழகத்துக்குப் போனார். அந்த அணி 1929இல் கோப்பையை வென்றது. 1932இல் ஃபிட்ஸ்ராய் கழகத்தில் சேர்ந்தார். அங்கே உடைமாற்றும் அறையில் தனியே இருந்தவரின் பக்கத்தில் வந்து அமர்ந்தவர் நட்சத்திர ஆட்டக்காரர் ஹேடன் பன்டன். ஃபிட்ஸ்ராய்க்காக 54 ஆட்டங்கள் ஆடிய நிக்கோல்ஸ், 1935இல் விக்டோரியா மாநில அணியிலும் இடம்பெற்றார்.

ஆட்டத்தில் கிடைத்த பெயரை அவர் தம் மக்களுக்காகச் செலவிட்டார். வெள்ளையர் குடியேறிய நாளை நாடு கொண்டாடிய 1938 ஜனவரி 26 அன்று, சிட்னியில் பூர்வகுடிகள் நடத்திய துக்க நாள் கூட்டத்தில் பேசினார். மறு ஆண்டு, கொடுமை தாங்காமல் கமெராகுஞ்சா மக்கள் குடியிருப்பைவிட்டு வெளியேறியபோது அவர்களுக்குத் துணை நின்றார்.

போர் வந்தது. 1941இல் படையில் சேர்ந்தவரை, ஃபிட்ஸ்ராயில் வாழ்ந்த பூர்வகுடி மக்களிடையே பணிசெய்ய மறு ஆண்டே விடுவித்தார்கள். போர் நிதிக்காகப் பூர்வகுடி அணிகளைத் திரட்டி ஆடினார். நாட்டுக்காகச் சீருடை அணிந்தவர்களும் நிதி திரட்டியவர்களும் அந்த நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அரசியலமைப்பிலிருந்த அந்த விலக்கு, 1967 பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஆதரித்த பிறகே நீங்கியது. அதற்காக உழைத்தவர்களில் நிக்கோல்ஸும் ஒருவர்.

1976இல் அவர் தென் ஆஸ்திரேலிய ஆளுநரானார். ஒருவர் மாளிகை ஏறியதைக் காட்டி, சேரி விடுதலை பெற்றதாக நம்மிடமும் சொல்வார்கள். ஆனால் 2015இல் பூர்வகுடி ஆட்டக்காரர் ஆடம் கூட்ஸ், மைதானந்தோறும் கூச்சலிட்டு அவமதிக்கப்பட்ட நிலையில் ஓய்வுபெற்றார். 2016இல் அதே போட்டித் தொடர், பூர்வகுடிகளைச் சிறப்பிக்கும் சுற்றுக்கு நிக்கோல்ஸின் பெயரைச் சூட்டியது.

பெயர் சூட்டுவது எளிது. களத்திலிருக்கும் உடலைச் சமமாக நடத்துகிறார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. நினைவுநாள்களில் மாலையோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் நாம் கொண்டுசெல்வோம்.